மிஸ்ஸிகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள்?

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமை கிடையாது. ரெண்டு வருஷம் ஆகறதுக்குள்ள சிங்கப்பூருக்குக் கிளம்பிடுறாங்க." தாதியர் பற்றாக்குறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. மருத்துவமனை நிர்வாகிகள் சொல்கிறார்கள், அரசியல்வாதிகள் சொல்கிறார்கள். வார்டில் காத்துக் கிடந்து எரிச்சலடைந்த நம் மக்களும் சில நேரங்களில் சொல்கிறார்கள். தாதித் தொழில் ஒரு தொண்டு, தொண்டு செய்ய வந்தவர்கள் கணக்குப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம்தான் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஆண்டுதோறும் மே 12-ஆம் தேதி அனைத்துலகத் தாதியர் தினம். அன்று கேக் வெட்டுகிறார்கள், பூ கொடுக்கிறார்கள், வெள்ளுடைத் தேவதைகள் என்று மேடையில் புகழ்கிறார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே தேவதை, ஆள் குறைவான அதே வார்டுக்குத்தான் போகிறார். தேவதைகளுக்கு ஓய்வு வேண்டாம், சாப்பாட்டு நேரம் வேண்டாம், ஓவர்டைம் பணமும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தாதியர் போவதற்குக் காரணம் அவர்களுடைய குணம் என்பதை நான் ஏற்கவில்லை. படித்த படிப்புக்கு ஏற்றபடி நோயாளியைக் கவனிக்க முடியாத நிலையில் அவர்களை வைத்திருக்கிறோம். ஒரு தாதியின் தலையில் எத்தனை நோயாளிகளை ஏற்றலாம் என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை போடாதவரை, எத்தனை ஆயிரம் பேரைப் படிக்க வைத்தாலும் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இது ஏன் நம் பிரச்சினை?

பாட்டி தோட்டத்தில் பால் வெட்டினார். அம்மா தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் நின்றார். மகள் எஸ்.பி.எம். முடித்து, மூன்று ஆண்டு டிப்ளோமா படித்து, வெள்ளை உடுப்பு போட்டாள். நம் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்த வழியாகத்தான் லயத்தை விட்டு மேலே வந்திருக்கின்றன. தாதி வேலை என்பது நமக்குக் கௌரவமான வேலை, நிலையான சம்பளம், வீட்டுக்கு ஒரு தூண்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வசதி உள்ளவன் தனியார் மருத்துவமனையில் தனி அறை எடுத்துக்கொள்வான். நம் அப்பா, அம்மா நீரிழிவு முற்றி, கால் புண்ணோடு அரசாங்க மருத்துவமனையின் பொது வார்டில்தான் படுப்பார்கள். அந்த வார்டில் இரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் யாராவது வருவார்களா என்பது, அன்று எத்தனை தாதியர் வேலையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆக, மருத்துவமனையில் நடப்பது இரண்டு பக்கமும் நம்மையே தாக்குகிறது. கட்டிலில் கிடப்பவரும் நம்மவர், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பவரும் நம் பிள்ளை.

வார்டுக்குள் என்ன நடக்கிறது?

அரசாங்க மருத்துவமனைகளில் பொதுவாக மூன்று ஷிப்ட். காலை 7 முதல் மதியம் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் காலை 7 வரை. தாளில் பார்த்தால் ஏழு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால், வேலையை ஒப்படைப்பதற்கு முன்கூட்டியே வர வேண்டும். அடுத்தவருக்கு ஒப்படைத்துவிட்டு, எழுதி முடிக்காத ரிப்போர்ட்டுகளை எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளை உடுப்போடு வீட்டுக்கு வந்து சேரும்போது ஏழு மணி நேரம் ஒன்பது மணி நேரமாகியிருக்கும்.

ஒருவர் எம்.சி. போட்டால் அவருடைய நோயாளிகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறையில் இருப்பவருக்கு போன் வரும்: "நீ வந்தா நல்லா இருக்கும், ஆளே இல்லை." போகாவிட்டால் சக தோழிக்குத் துரோகம் செய்த மாதிரி மனசு உறுத்தும். போனால் வீட்டில் பிள்ளை அழும். நல்ல மனசு உள்ளவர்கள்தான் முதலில் களைத்துப் போகிறார்கள் என்பது இந்தத் தொழிலின் கொடுமை.

தாதி செய்ய வேண்டிய வேலை எது, செய்கிற வேலை எது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து கொடுப்பது, டிரிப் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் கண்டுபிடித்து டாக்டரை அழைப்பது, இவையெல்லாம் அவர் படித்த வேலை. ஆனால் சக்கர நாற்காலி தேடுவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, கணினியில் பில் விவரம் தட்டுவது, கோபப்படும் உறவினரைச் சமாதானப்படுத்துவது என்று நேரம் கரைகிறது. ஒரு வார்த்தை பேசி நோயாளியின் கையைப் பிடிக்க நேரமில்லை. என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் தாதியரில் பலர் சம்பளத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு இதைத்தான் சொல்கிறார்கள்: "சார், வேலையைச் சரியாச் செஞ்சோம்னு ஒரு நாளும் திருப்தியா வீட்டுக்குப் போக முடியலை. எதையோ மறந்துட்டோமோன்னு பயம்தான்."

ஆய்வு சொல்வது என்ன?

இது வெறும் புலம்பல் என்று ஒதுக்குபவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா ஐக்கன் என்ற தாதித் துறைப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2002-ஆம் ஆண்டு வெளியிட்டது அது. அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. தாதி மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும், வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 விழுக்காடும் கூடுகின்றன.

ஒரே ஒரு நோயாளி கூடினால் இவ்வளவு. தாதியின் அதிருப்தியும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. தாதியர் உரிமை கேட்பது நோயாளிக்கு எதிரானது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மூன்று மணி நேரம் என்ன பெரிய விஷயமா?

2024-ஆம் ஆண்டில், எஸ்.எஸ்.பி.ஏ. எனப்படும் புதிய பொதுச் சேவை ஊதிய முறையோடு சேர்த்து, ஷிப்ட் வேலை செய்யும் அரசாங்கத் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்த அரசு முடிவு செய்தது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வருவதாக இருந்தது. மலாயா தாதியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அதன்பின் அரசு அந்தத் தேதியைத் தள்ளி வைத்தது.

மற்ற அரசு ஊழியர்களும் 45 மணி நேரம்தானே வேலை செய்கிறார்கள் என்று அப்போது கேட்டார்கள். அலுவலக ஊழியரின் 45 மணி நேரத்துக்குள் மதிய உணவு நேரமும் அடங்கியிருக்கிறது. வார்டில் இருக்கும் தாதிக்கு அப்படி எழுந்து போக முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 3 மணி என்றால் ஆண்டுக்கு 156 மணி நேரம். ஏழு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் 22 ஷிப்டுக்கு மேல். ஆள் இல்லாத குறையை, இருக்கிற ஆளிடமே கூடுதலாகப் பிழிந்து சரிக்கட்டுவதற்குப் பெயர் தீர்வா? இப்படிப் பிழியப் பிழியத்தான் இன்னும் நாலு பேர் கிளம்புகிறார்கள்.

அந்தத் தேதி தள்ளிப்போனதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சங்கம் இருந்தது, சங்கம் பேசியது, அரசு நின்று யோசித்தது. தனித்தனியே அழுதிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

அன்று வேலையில்லை, இன்று ஆளில்லை

2010-ஆம் ஆண்டு வாக்கில் என்ன நடந்தது என்பதை நம் குடும்பங்கள் மறந்திருக்காது. தனியார் தாதியர் கல்லூரிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. விளம்பரங்களைப் பார்த்து நம் பிள்ளைகள் பி.டி.பி.டி.என். கடன் வாங்கிச் சேர்ந்தார்கள். படித்து முடித்தபோது வேலையில்லை. நிலைமை முற்றியபின் புதிய வகுப்புகள் தொடங்குவதற்கு அரசு தடை போட வேண்டியதாயிற்று. டிப்ளோமாவை வைத்துக்கொண்டு கிளினிக்கிலும் பேரங்காடியிலும் வேலை பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! கடன் மட்டும் கூடவே வந்தது.

அதே நாட்டில் இன்று தாதியர் பற்றாக்குறை என்கிறார்கள். 2023-இல், தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுத் தாதியரை வேலைக்கு எடுப்பதற்கான நிபந்தனைகளை அரசு தளர்த்தியது. வெளிநாட்டிலிருந்து வரும் தாதியர்மீது நமக்கு எந்தப் பகையும் இல்லை. அவர்களும் கடன்பட்டு, பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான். ஆனால் உள்ளூர்த் தாதியை நிலைக்கவிடாத அதே வார்டு, வெளிநாட்டுத் தாதியை மட்டும் நிலைக்க வைத்துவிடுமா? கொஞ்ச நாளில் அவர்களும் அடுத்த விமானம் ஏறுவார்கள்.

அக்கரையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் அரசு, பொது மருத்துவத் துறையில் நீண்டகாலம் நிலைத்திருக்கும் தகுதியுள்ள தாதியருக்கு 20 ஆண்டுகளில் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. நான்கிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பணம் கைக்கு வரும். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்போ அண்மைய ஆண்டுகளில் நம் மூன்று வெள்ளிக்கு மேல். சிங்கப்பூரிலும் வேலை சொர்க்கமில்லை. அங்கும் தாதியர் களைத்துப் போவதால்தான் இந்தத் திட்டமே வந்தது. ஆனால் தாதி போய்விடக்கூடாது என்று அவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். நம் ஊரிலோ பல தனியார் மருத்துவமனைகள் ஒப்பந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கின்றன.

பாண்டு என்னும் கயிறு

எஸ்.பி.எம். முடித்த பெண்ணுக்கு மருத்துவமனையே கல்லூரிக் கட்டணம் கட்டும். படித்து முடித்ததும் அங்கேயே இத்தனை ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். இடையில் போனால் இவ்வளவு ஆயிரம் வெள்ளி கட்ட வேண்டும், அப்பாவும் மாமாவும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் பாண்டு. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இது வரமாகத் தெரியும். உண்மையில் சிலருக்கு வரமாகவும் அமைந்திருக்கிறது. ஆனால் வேலை நிலைமை மோசமாக இருக்கும் இடத்தில், பாண்டு ஆளைப் பிடித்து வைக்கிறதே தவிர மனத்தைப் பிடித்து வைப்பதில்லை. பாண்டு முடிகிற அன்று ராஜினாமாக் கடிதம் மேசையில் இருக்கும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று நம் மக்களுக்குத் தெரிய வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். எழுதப்பட்ட தொகை அதற்கு உச்சவரம்பு. தொகை நியாயமற்றது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால், கூட்டரசு நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, அது நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் பக்கம் இருக்கிறது. ஆகவே, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. "எங்களை விட்டுப் போனால் வேறு எந்த மருத்துவமனையிலும் வேலை செய்ய முடியாது" என்று மிரட்டினால் பயந்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே, கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஆண்டு? விட்டுப்போனால் கட்ட வேண்டிய தொகை, வேலை செய்த ஆண்டுகளுக்கு ஏற்பக் குறையுமா? நோய், திருமணம், குழந்தைப்பேறு வந்தால் என்ன? ஜாமீன்தாரர் எவ்வளவுக்குப் பொறுப்பு? பதில்களை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வையுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தனியார் மருத்துவமனைத் தாதியருக்கு

அரசாங்கத் தாதிக்கு வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தாது. தீபகற்பத்தில் தனியாரிடம் வேலை செய்பவருக்குப் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஷிப்ட் வேலையில் ஒரு வாரம் கூடி ஒரு வாரம் குறையலாம். ஆனால் மூன்று வாரச் சராசரி 45 மணியைத் தாண்டக்கூடாது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாதவருக்கு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் உண்டு.

வேலை நேரம் என்றால் என்ன? முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு, உங்கள் நேரத்தை உங்கள் விருப்பப்படி செலவிட முடியாத நேரம் என்கிறது சட்டம். அப்படியானால், முன்கூட்டி வரச்சொல்லி வேலை ஒப்படைக்கும் அந்த அரை மணி நேரமும் வேலை நேரம்தான் என்பது என் கருத்து. தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், ரோஸ்டரைப் படம் பிடித்து வையுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை, ஆதாரம்தான் தேவை. வேலையிலிருந்து நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு செய்ய வேண்டும். அறுபத்தோராவது நாள் அழுதுகொண்டு வந்தால் என் போன்றவர்களால் ஒன்றும் செய்ய இயலாது.

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்கக் கூடாது என்று 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், சங்கம் அமைப்பதில் இருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போவது நம் கையில்.

வார்டைச் சுத்தம் செய்யும் அக்காமார்களையும் மறக்கக் கூடாது. அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு வேலை 1990-களில் குத்தகைக்கு விடப்பட்டது. அந்த வேலையில் நம் பெண்கள் ஏராளம். 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போவில், ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே அவர்களுக்காக அமைதியாக மறியல் செய்த தொழிற்சங்கவாதிகள் ஐவர் கைது செய்யப்பட்டனர். துப்புரவுக்கு ஆள் குறைந்தால் அந்தப் பளுவும் தாதியின் மேல்தான் விழுகிறது. மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் குறை சொல்வதால் யாருக்கு லாபம்?

செய்ய முடியுமா?

முடியும். 1999-இல் கலிபோர்னியா மாநிலம், ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டம் இயற்றியது. 2004-இல் பொது வார்டில் ஒரு தாதிக்கு ஆறு நோயாளி, அடுத்த ஆண்டு ஐந்து. ஆளுநராக இருந்த நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் அதைத் தள்ளிப்போடப் பார்த்தார். தாதியர் சங்கம் நீதிமன்றம் போய் வென்றது.

அதற்கு ஏது பணம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் பகலில் ஒரு தாதிக்கு நான்கு, இரவில் ஏழு நோயாளி என்ற சராசரியைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, இறப்பு குறைந்தது, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அதனால் மிச்சமான பணம் கூடுதல் தாதியருக்கு ஆன செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் என்று கண்டது. ஒரே நாளில் செய்ய இயலாது என்றால் கட்டம் கட்டமாகச் செய்யட்டும். முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு பொது வார்டு என்று தேதி குறிக்கட்டும்.

நம் கோரிக்கைகள் இவை: தாதி–நோயாளி விகிதத்துக்குச் சட்டம். முன்கூட்டியே அறிவிக்கப்படும் ரோஸ்டர். ஒப்படைப்பு நேரத்துக்கும் சம்பளம். பாண்டுக்கு ஆண்டிலும் தொகையிலும் உச்சவரம்பு. தாதியின் மேசையிலிருந்து எழுத்து வேலையை எடுக்கத் தனி ஆள்.

அடுத்த முறை உங்கள் தொகுதி மன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ளும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்டில் ஒரு மிஸ்ஸிக்கு எத்தனை நோயாளி?" அவருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். பத்து ஊரில் பத்துப் பேர் கேட்டால் நாடாளுமன்றத்தில் அந்தக் கேள்வி எழும். உங்கள் வீட்டில் தாதி இருந்தால், இந்த வாரமே அவரைச் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.